எழுபத்தொரு கிலோமீற்றர்

அந்தப் படத்தைக் குழுவில் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து எனக்கு விரல் நீட்டத் தேவையில்லை.

பெப்ரவரியில் பள்ளி விடுமுறை வந்தபோது, டென்மார்க்கின் ஒடென்சே, ஓகூஸ் நகரங்களில் இருந்து ஏழு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நோர்வேக்குப் பனிச்சறுக்கப் போயிருந்தோம். டென்மார்க்கில் சறுக்குவதற்கு மலை எங்கே இருக்கிறது? எங்கள் ஒடென்சேயில் ஆக உயரமான இடம் கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிட மேல்மாடிதான். பயணத்தை ஒழுங்குபடுத்தியவர் என் கணவர் குணசேகரம். அவர்தான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். மற்றவர்கள் மலைக்குப் போனார்கள், நான் வாடகைக்கு எடுத்த மரவீட்டில் நின்று சமைத்தேன். எல்லோரும் சறுக்கினால் முப்பது பேருக்கு யார் சோறு போடுவது?

மூன்றாம் நாள் பின்னேரம் நாலரை மணி இருக்கும். சுவரோரம் சார்ஜில் கிடந்த என் மகள் சாரங்கியின் போன் வெளிச்சம் போட்டது. சறுக்கும் வேகத்தை அளக்கிற செயலி ஒன்றை அவள் அதில் வைத்திருக்கிறாள். அது அன்றைய விவரத்தைத் தானாகவே திரையில் காட்டியது. ஆகக்கூடிய வேகம் மணிக்கு எழுபத்தொரு கிலோமீற்றர். இடம், சிவப்புப் பாதை இலக்கம் நான்கு. நேரம், 13.42. எனக்குத் தலைகால் தெரியவில்லை. என் போனை எடுத்து அந்தத் திரையை அப்படியே படம் பிடித்து சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: "எங்கட சாரங்கி. 71. ஆம்பிளையள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

நாற்பத்தாறு பேர் கைதட்டினார்கள். ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் செய்தி வந்தது. ஓகூஸ் கோணேசன் அண்ணையை யாரோ பின்னால் வந்து இடித்துத் தள்ளிவிட்டார்கள். இடுப்பெலும்பும் தோளும் உடைந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருடைய மனைவி அருமைநாயகி அம்புலன்ஸ் வண்டியிலேயே கூடப் போய்விட்டதால் எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இடித்த ஆள் ஓடிவிட்டது. ஓடியதுகூடப் பெரிதில்லை. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அவர் இருபத்தைந்து நிமிடம் பனிக்குள் தனியாகக் கிடந்திருக்கிறார். கேட்டவுடன் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய் தகப்பன் வளர்த்த பிள்ளை செய்கிற வேலையா இது என்று சமையலறையில் நின்று முப்பது பேருக்கும் கேட்கத் திட்டினேன்.

டென்மார்க்குக்குத் திரும்பிப் பத்து நாளுக்குப் பிறகு அருமை அக்கா போன் எடுத்தா. அவ கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பியிருப்பேன்.

"விமலா, நீ குழுவில போட்ட படத்தை ஒருக்கால் எடுத்துப் பார்."

"என்ன படம் அக்கா?"

"சாரங்கியின்ர வேகம். அதில நேரம் கிடக்கு, பாதையின்ர இலக்கமும் கிடக்கு. இவர் விழுந்து கிடந்தபடி மணிக்கூட்டைப் பாத்தவர். ஒண்டு நாப்பத்தைஞ்சு. சிவப்பு நாலு."

அந்தப் பாதையில் நூறு பேர் போயிருப்பார்கள் என்றேன். ஓம் என்றா. அந்த நேரம் பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஆளே இல்லை என்று கோணேசன் அண்ணை சொல்கிறார் என்றும் சொன்னா. நோர்வேப் பொலிஸிலிருந்து படிவம் வந்து மேசையில் கிடக்கிறதாம். யாரிலாவது சந்தேகம் உண்டா என்று அதில் கேட்டிருக்கிறார்களாம்.

"நான் இன்னும் நிரப்பேல்லை விமலா. பிள்ளை ஞாயிற்றுக்கிழமை நேர வந்து உள்ளதைச் சொல்லட்டும். சொன்னால் அதோட விடுவம். வராட்டில் திங்கட்கிழமை பேரை எழுதுவன்."

சாரங்கிக்கு இருபத்தொரு வயது. பொலிஸ் பள்ளிக்கு விண்ணப்பித்து, எழுத்துச் சோதனை, ஓட்டச் சோதனை இரண்டும் பாஸ் பண்ணி, கடைசி நேர்முகத்துக்குக் காத்திருக்கிறாள். பதினாலு வயதிலிருந்து அவளுக்கு வேறு கனவே இல்லை. காயப்பட்ட ஆளை விட்டுவிட்டு ஓடினாள் என்று ஒரு காகிதம் எழுதப்பட்டால் அந்தக் கதவு மூடியதுதான். அந்தக் காகிதத்துக்கு மை எடுத்துக் கொடுத்தது என் விரல்.

அன்று பின்னேரம் அவளிடம் கேட்டேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"ஆப் பிழை, அம்மா."

"அப்ப நீ சிவப்பு நாலில போகேல்லையோ?"

"ஆப் பிழை. அவ்வளவுதான்." பிறகு டேனிஷில், தன்னைக் கொஞ்சம் விடச் சொன்னாள். அறைக் கதவு சாத்தியது. குணசேகரம் பத்திரிகைக்குப் பின்னால் இருந்தார். என்ன இஞ்சாருங்கோ, வாய் திறவுங்கோ என்றேன்.

"பிள்ளை சொல்லுறாள் தானே. உந்த ஆப்புகளை நம்பேலாது" என்றார்.

சரி, ஆப் பிழை. அப்படியென்றால் பிழை என்று நான் நிறுவிக் காட்டுகிறேன். நான் முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறவள். இரத்த அழுத்தம் பார்க்கிற மெசின் கூட்டிக் காட்டினால் அதைக் கையும் களவுமாகப் பிடிக்கிறவள். ஒரு போனுக்கு நான் பயப்படுவேனா?

அதே செயலியை என் போனில் இறக்கினேன். அடுத்த நாள் வேலை முடிந்ததும் காரில் நெடுஞ்சாலைக்கு ஏறி, நீபோர்க் பக்கமாக வேகத்தை நூற்றுப்பத்தில் நிறுத்தி ஓடினேன். போன் முன்கண்ணாடிக்குக் கீழே இருந்தது. தரிப்பிடத்தில் நிறுத்திப் பார்த்தால் நூற்றாறு என்று காட்டியது. பார், நாலு கிலோமீற்றர் பொய். திரும்பவும் ஓடினேன், திரும்பவும் நூற்றாறு. சந்தோசத்தில் அங்கிருந்தபடியே அருமை அக்காவுக்கு எடுத்தேன்.

அவ பொறுமையாகக் கேட்டா. கேட்டுவிட்டு, "அப்ப அது குறைச்செல்லே காட்டுது விமலா. எழுபத்தொண்டு எண்டால் எழுபத்தைஞ்சாய் இருந்திருக்கும்" என்றா.

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தும் விடவில்லை. ட்ராமில் ஏறிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கட்டடங்களுக்கு இடையில் ட்ராம் ஊர்ந்துகொண்டிருந்தபோது செயலி திடீரென்று எண்பத்தெட்டு என்றது. எண்பத்தெட்டில் போகிற ட்ராமை நான் கண்டதில்லை. பக்கத்தில் இருந்த டேனிஷ் கிழவி என்னைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். உடனே ஓல்போர்க் சுகந்தனுக்கு எடுத்தேன். சங்கத்தில் எங்களோடு பழகிய பொடியன். வயலில் ஓடுகிற டிராக்டர்களுக்கு, வானத்தில் சுற்றுகிற செய்மதி வழியாகப் பாதை காட்டும் கருவிகளைத் திருத்துவது அவனுக்குத் தொழில். ஆப் பிழை என்று ஒரு கடிதம் எழுதித் தா என்றேன். அவன் உடனே ஓம் சொல்லவில்லை.

"அக்கா, இலக்கத்தை மட்டும் பாத்து ஒண்டும் சொல்லேலாது. எந்த நிமிசம் எவ்வளவு வேகம் எண்டு காட்டுற முழுக் கோட்டையும் பாக்கவேணும். சனிக்கிழமை ஒடென்சேக்கு வாறன்."

முழுக் கோடு சாரங்கியின் போனில் இருந்தது. கேட்டேன். தரமாட்டேன் என்றாள். அவள் மறுத்த விதத்தில்தான் எனக்கு முதல் தடவை சந்தேகம் வந்தது. இவள்தான் செய்தாளோ? செய்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சோறு சாப்பிடுகிறாளோ? அப்படி நினைத்த என் நெஞ்சை நானே இரண்டு நாள் திட்டினேன். ஆனால் நினைத்தேன்.

சனிக்கிழமை பகல் சாரங்கி கடை வேலைக்குப் போயிருந்தாள். குணசேகரம் தொழிற்சாலையில் மேலதிக நேரம். சாரங்கியின் பழைய ஐபாட் அலுமாரியில் கிடந்தது, அதிலும் அதே கணக்கு திறந்தபடியே இருந்தது. பிள்ளையின் பொருளைக் களவாகத் திறப்பது பிழைதான். திறந்தேன். சுகந்தன் சமையலறை மேசையில் இருந்து, என் மீன் கட்லட்டைக் கடித்துக்கொண்டு அதை ஆராய்ந்தான்.

"இஞ்சை பாருங்கோ அக்கா. போன் தான் நிக்கிற இடத்தைச் செய்மதியைக் கேட்டுத்தான் அறியுது. கட்டிடம், பாறை, அடர்ந்த மரம் பக்கத்தில இருந்தால் சிக்னல் பட்டுத் தெறிச்சு வரும். அப்ப போன் ஒரு விநாடியில பத்து மீற்றர் பாஞ்சிட்டன் எண்டு நினைக்கும். உங்கட ட்ராம் பாய்ஞ்சது அப்பிடித்தான். அதாலதான் ஆகக்கூடின வேகத்தை மட்டும் நம்பக்கூடாது."

"அதைத்தானே தம்பி நானும் சொல்லுறன். எழுது."

"பொறுங்கோ. வெளியில, வானம் திறந்து கிடக்கிற இடத்தில உதே போன் சொல்லுறது பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். உங்கட காரிலயும் போன்தான் சரி. காரின்ர முள்ளு எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அப்பிடித்தான் செய்யிறவை. பொய்யான பாய்ச்சல் எண்டால் கோடு ஊசி மாதிரி ஏறி அடுத்த விநாடி இறங்கும். உண்மையான வேகம் எண்டால் மெல்ல மெல்ல ஏறும்."

அவன் அன்றைய கோட்டை விரித்தான். நேரம் பதின்மூன்று நாற்பத்தொன்று. வேகம் முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. ஐம்பத்திரண்டு. அறுபது. மெல்ல மெல்லத்தான் ஏறியது. எழுபத்தொன்று என்ற இடத்தில் மட்டும் சின்ன ஊசி ஒன்று நின்றது. சுகந்தன் அதை விரலால் மறைத்தான்.

"இந்த ஊசி பொய், அக்கா. எழுபத்தொண்டு இல்லை. அறுபத்துமூண்டு, அறுபத்துநாலு. மற்றதெல்லாம் உண்மை."

"அப்ப ஏழு கிலோமீற்றர் பிழை. அதையாவது எழுது."

அவன் எழுதவில்லை. கட்லட்டை வைத்துவிட்டுக் கோட்டை இன்னும் பெரிதாக்கினான். அறுபத்துமூன்றில் போன கோடு மூன்று விநாடிக்குள் நேரே பூச்சியத்துக்கு விழுந்தது.

"இது பிரேக் பிடிச்சு நிண்டது இல்லை" என்றான். "எதிலயோ மோதி நிண்டது."

பூச்சியம் அப்படியே நீண்டது. நான் நிமிடங்களை விரலால் தொட்டுப் பார்த்தேன். பதின்மூன்று நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தாறு வரைக்கும் அந்தப் போன் அசையவில்லை. நாலு நிமிடம். பிறகு மணிக்கு நாலு கிலோமீற்றரில் நகரத் தொடங்கியது. நடக்கிற வேகம். சறுக்குபலகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, பாதையை விட்டு விலகி, மரங்களின் ஓரமாக யாரோ நடந்து போயிருக்கிறார்கள்.

என் பிள்ளை. நாலு நிமிடம் நின்றிருக்கிறாள். கோணேசன் அண்ணை முனகினதைக் கேட்டிருக்கிறாள்.

"கோடு முடியிற இடம் எது அக்கா?" என்று சுகந்தன் கேட்டான்.

வரைபடத்தைப் பார்த்தேன். ஆறு, பாலம், வளைவு, மரவீடுகளின் வரிசை. கடைசிப் புள்ளி வரிசையின் மூன்றாவது கூரையில் நின்றது.

"அது நாங்கள் நிண்ட வீடு."

"ரெண்டு இருபதுக்குப் போன் அங்கை வந்திட்டுது. சாரங்கி அண்டைக்கு நேரத்தோட வந்திட்டாளோ?"

அன்று சாரங்கி வந்தது நாலு மணிக்கு. பசியில் நின்றபடியே சோறு தின்றாள், பருப்பு முடிந்துவிட்டது என்று என்னோடு சண்டை பிடித்தாள், அது எனக்கு மறக்காது. இரண்டு இருபதுக்கு அந்த வீட்டுக்குள் வந்தது ஒரே ஒரு ஆள்தான். முழங்கால் நோகுது என்றுகொண்டு, நிலமெல்லாம் பனியாக்கிக்கொண்டு வந்தார். இப்பதான் துடைச்சனான் என்று நான் ஏசினேன். ஏசிவிட்டு இஞ்சித் தேத்தண்ணியும் போட்டுக் கொடுத்தேன். கோப்பை தட்டில் கிடந்து ஆடியது. குளிர் என்று நினைத்தேன்.

"ஓம் தம்பி" என்றேன். "சாரங்கி அண்டைக்கு நேரத்தோட வந்திட்டாள்."

மிச்சக் கட்லட்டைப் பெட்டியில் போட்டுக் கொடுத்து அவனை அனுப்பினேன். கடிதம் வேண்டாம் என்று சொன்னேன். அவனும் கேட்கவில்லை.

சாரங்கி நாலரைக்கு வந்தாள். ஐபாட் மேசையில் விரித்தபடியே கிடந்தது. பார்த்தாள், பையைக் கீழே வைத்தாள், கதிரையை இழுத்து இருந்தாள்.

"என்ர ஜக்கெட் பொக்கற்றின்ர ஸிப் உடைஞ்சு போச்சு, அம்மா, போன் விழப் பாத்தது. மத்தியானம் போனை அப்பாட்டைக் குடுத்தனான். ஆப்பை நிப்பாட்ட மறந்திட்டன்."

"எப்ப தெரியும் உனக்கு?"

"அடுத்த நாளே. கோட்டைப் பாத்தனான். அப்பாட்டைப் போய்க் கேட்டனான். ஆப் பிழை பிள்ளை, விடு எண்டு சொன்னவர்."

இந்த வாரம் முழுக்க அவள் எனக்குச் சொன்ன அதே இரண்டு சொல். அவளுடைய சொல்லே இல்லை அது. நான் எழும்பி நின்றேன். தொழிற்சாலைக்கே போய் அந்த மனிசனைச் சட்டையில் பிடித்து இழுத்து வரலாம் போல இருந்தது. அவர்தானே பஸ்ஸில் மைக்கைப் பிடித்துக்கொண்டு முப்பது பேருக்கும் பாதுகாப்பு விதி வாசித்தவர். விழுந்த ஆளை விட்டிட்டு ஒருத்தரும் போகக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னவர்.

"அம்மா, இருங்கோ. நீங்கள் ஒண்டும் சொல்லக்கூடாது."

"ஏன் சொல்லக்கூடாது? உனக்கு என்ன விசரே?"

அவள் அழத் தொடங்கினாள். எட்டு வயதுக்குப் பிறகு அவள் எனக்கு முன்னால் அழுததில்லை. "ஒவ்வொரு நாளும் சாப்பிடேக்கை அப்பாவையே பாத்துக்கொண்டிருக்கிறன். இண்டைக்குச் சொல்லுவார், இண்டைக்குச் சொல்லுவார் எண்டு. நீங்கள் பிடிச்சுக் குடுத்தால் அவர் சொன்னதாய் இருக்காது. அவராச் சொல்லவேணும். எனக்குச் சத்தியம் பண்ணுங்கோ."

"அவர் சொல்லாட்டி?"

"நான்தான் எண்டு சொல்லுவன். அருமை மாமி பேர் எழுதமாட்டன் எண்டு சொன்னவ தானே. முடிஞ்சுது."

"உண்மை சொன்னால் விடுவன் எண்டெல்லே அவ சொன்னவ."

"சத்தியம் பண்ணுங்கோ, அம்மா."

பண்ணினேன். ஏன் பண்ணினேன் என்று கேட்காதீர்கள். பிள்ளை அழுதாள், பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீங்களும் வாங்கோ என்று குணசேகரத்திடம் சொன்னேன். தாயும் மகளும் போய்க் கதைச்சால் காணும் என்றார். சங்கத் தலைவர் வராட்டி என்ன மரியாதை என்றேன். வந்தார். கார் அவர்தான் ஓட்டினார். நூற்றுமுப்பது ஓடலாம் என்கிற சாலையில் தொண்ணூறில் ஊர்ந்தார், லொறிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. நோர்வேயிலிருந்து வந்த நாள் முதலாக மனிசன் இப்படித்தான் ஓட்டுகிறார். வயது போகிறது என்று நினைத்திருந்தேன்.

கடல் பாலத்தில் ஏறும்போது வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தேன். "கோணேசன் அண்ணை நீங்கள் சொன்னால் கேப்பார் என்ன? ரெண்டு பேரும் எத்தினை வருஷப் பழக்கம்."

"ம்."

"அண்டைக்கு நீங்கள் எந்தப் பக்கம் சறுக்கினனீங்கள்?"

"பச்சைப் பாதை" என்றார். கண்ணாடியில் சாரங்கியைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓகூஸ் வரைக்கும் சத்தியத்தை நான் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினேன்.

கோணேசன் அண்ணை ஜன்னலடியில் உயரமான கதிரையில் இருந்தார். இடது கை கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் தொங்கியது, பக்கத்தில் நடைச்சட்டம் நின்றது. ஐம்பத்தெட்டு வயது மனிதர், எழுபது போல இருந்தார். அருமை அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. அந்தப் படிவம் சாப்பாட்டு மேசையில் பேனையோடு கிடந்தது. எங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் அங்கே வைத்திருக்கிறா. சாரங்கி அவருக்கு எதிரே இருந்தாள், நான் பக்கத்தில் இருந்தேன். குணசேகரம் வாசலுக்குக் கிட்டவாக ஒரு கதிரையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

கோணேசன் அண்ணை நேரே சாரங்கியைக் கேட்டார்.

"பிள்ளை, எழுபத்தொண்டோ, அறுபதோ, அந்தக் கதை எனக்கு வேண்டாம். பனி கொட்டுது, வளைவு தெரியேல்லை, இடிபட்டுப் போச்சு. அது ஆருக்கும் நடக்கும். எனக்கு ஒண்டுதான் தெரியவேணும். நீ பக்கத்தில நிண்டனி. மூச்சு வாங்கிறது எனக்குக் கேட்டது. என்னாலை தலை திருப்ப ஏலேல்லை. ஆரது, ஆரது எண்டு கேட்டனான், தமிழிலையும் கேட்டனான். ஏன் ஒரு சொல்லுச் சொல்லாமல் போனனி?"

சாரங்கிக்குப் பதில் தெரியாது. எப்படித் தெரியும்? வேகத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள், அதைத்தான் இந்த வாரம் முழுக்க மனப்பாடம் பண்ணினாள். அவள் தலையைத் திருப்பித் தகப்பனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். குணசேகரம் முழங்காலில் வைத்த தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

சாரங்கி திரும்பவும் கோணேசன் அண்ணைப் பக்கம் திரும்பினாள்.

"பயந்திட்டன், மாமா" என்றாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அருமை அக்கா முகத்தைச் சீலைத் தலைப்பால் பொத்திக்கொண்டா. கோணேசன் அண்ணை வலது கையை எட்டி, நோவோடு குனிந்து, சாரங்கியின் தலையில் வைத்தார்.

"சரி பிள்ளை. சின்னப்பிள்ளை தானே. பயந்துதான் இருப்பாய். வந்து சொன்னியே, அது காணும். அருமை, அந்தப் பேப்பரை எடுத்து உள்ளை வை."

எல்லாம் முடிந்துவிட்டது. பேர் எழுதப்படாது, பொலிஸ் பள்ளிக் கதவு திறந்தே இருக்கும், இரண்டு குடும்பமும் பழையபடி கோயிலில் பார்த்துச் சிரிக்கலாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அப்போது குணசேகரம் நீளமாக ஒரு மூச்சை விட்டு, சாய்ந்து இருந்து, தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கோணேசன் அண்ணை" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நீங்கள் பிழையான ஆளின்ர தலையில கையை வைச்சிருக்கிறியள்."

"அம்மா" என்றாள் சாரங்கி.

"ஓம், சத்தியம் பண்ணினனான். இப்ப உடைக்கிறன்." சுகந்தன் விரித்துக் காட்டிய கோட்டை முதல் நாள் இரவே அச்செடுத்திருந்தேன், அந்தப் பிரதியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். "போன் இவளின்ரதான். கொண்டு திரிஞ்சது இவளில்லை. போன் ரெண்டு இருபதுக்கு வீட்டை வந்திட்டுது. இவள் வந்தது நாலு மணிக்கு. ரெண்டு இருபதுக்கு வந்த ஆளுக்கு நான் என்ர கையால தேத்தண்ணி போட்டுக் குடுத்தனான்."

கோணேசன் அண்ணை காகிதத்தைத் தொடவில்லை. சாரங்கியின் தலையிலிருந்து கையை மெல்ல எடுத்தார். நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார். அருமை அக்காவும் பார்த்தா. குணசேகரம் கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போதாவது அழுவார், காலில் விழுவார், ஏதாவது செய்வார் என்று எதிர்பார்த்தேன். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த பெண்டாட்டி என்கிற முறையில் நான் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"கோணேசு" என்றார். "அந்த ஆப் கூட்டிக் காட்டுது. நான் அவ்வளவு வேகத்தில வரேல்லை. நாப்பதுக்கு மேல நான் போகவே இல்லை. சத்தியமாய்."

கோணேசன் அண்ணையின் முகத்தில் கோபம் இல்லை. களைப்புத்தான் இருந்தது.

"வேகத்தை இஞ்சை ஆர் கேட்டது, குணம்?"

குணசேகரம் குனிந்து கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார்.

சாரங்கி எழும்பினாள். தகப்பனைக் கடந்துதான் வாசலுக்குப் போக வேண்டும், அவரைப் பார்க்காமலே போனாள். நானும் எழும்பினேன். கார்த் திறப்பு சாப்பாட்டு மேசையில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். அவரும் கூட எழும்பப் பார்த்தார்.

"நீ இரு, குணம்" என்றார் கோணேசன் அண்ணை. "நான் கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லேல்லை."

அவர் இருந்தார். அருமை அக்கா எங்களை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டா, என் கையைப் பிடித்தா. நானும் மகளும் காரில் ஏறினோம். அவர் வருவதென்றால், ஓகூஸிலிருந்து ஒடென்சேக்கு மணித்தியாலத்துக்கு ஒரு ரயில் இருக்கிறது.